சிபிஸ்கோவும் தொழின்முறை மல்யுத்தமும்

தொழின்முறை மல்யுத்தம் வீரமோ கூத்தோ என்னும் வினா நெடுங்காலமாக நிலவுவது. போலந்து நாட்டு மல்லர் ஸ்தனிஸ்லாஸ் சிபிஸ்கோவின் வரலாறு இதற்குத் தக்க விடை பகர்கின்றது.

1910ஆம் ஆண்டு செத்தெம்பர் 10ஆம் நாள் இலண்டன் மாநகரில் அவர் இந்திய மல்லர் காமாவை எதிர்த்தார். காமாவின் வலிமையை உணர்ந்த அவர், இரண்டரை மணி நேரத்திற்கு மேலாகப் பெரும்பாலும் தரையோடு ஒட்டிக் கிடந்தே தோல்வியைத் தவிர்த்தார். ஒரு வாரத்தின் பின் நிகழவிருந்த மறுபோட்டிக்கு அவர் வந்திலர்.

1920களில் அமெரிக்காவிலே லூயிஸ், சான்டோ, மொன்ட் என்னும் மூவர் வெற்றி தோல்விகளை முன்னரே வகுத்து மல்யுத்தத்தைப் பெருவணிகமாக்கினர். மற்கலையில் முதிராத காற்பந்தாட்ட வீரர் வெய்ன் மன் என்பாருக்கு 1925இல் அவ்வாறே பட்டம் சூட்டப்பெற்றது. அவ்வாண்டு ஏப்பிரில் 15ஆம் நாள், பிலடெல்பியாவில், அவரிடம் தோற்பதாக உடன்பட்டிருந்த சிபிஸ்கோ, மெய்யாகவே பொருது அவரை வீழ்த்திப் பட்டத்தைக் கவர்ந்தார். சொல் பிறழ்ந்தமையாலேயே உண்மை வெளிப்பட்டமை வியத்தற்குரியது.

எனினும், 1928இல் பட்டியாலாவில் காமா அச்சிபிஸ்கோவை ஒரு நிமிடத்துள் வென்றார். உடன்படிக்கை பட்டத்தை வழங்கலாம். அதனைக் காக்க வல்லது மெய்த்திறன் ஒன்றே. கூத்தாகிய பின்னரும் மல்யுத்தம் வீரத்தை முற்றாக இழந்ததன்று.