எண்ணிக் காத்திருந்த பிள்ளைகளின் சக்கரம்

அட்வெந்து என்றும் திருவருகைக் காலம் என்றும் சபைக்குச் சபை பெயர் மாறினாலும், அதன் முதல் ஞாயிறு காலையில் நம் ஆலயங்களில் காணும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். பீடத்தருகே பச்சைத் தழை சுற்றிய ஒரு வளையம். அதில் நான்கு மெழுகுவர்த்திகள். ஆராதனை தொடங்கும்போது பிள்ளை ஒருவரோ மூப்பர் ஒருவரோ வந்து முதல் திரியை ஏற்றுவார். இந்த வளையம் ஆதித் திருச்சபைக் காலத்திலிருந்தே வருகிறது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்த மலருக்காக அதன் வரலாற்றைத் தேடப் புகுமுன் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அதற்கு இருநூறு வயதுகூட இன்னும் நிரம்பவில்லை. எந்தப் பேராயரும் அதை ஏற்படுத்தவில்லை, எந்தச் சங்கமும் கூடித் தீர்மானம் போடவில்லை. ஆதரவற்ற பிள்ளைகளுக்கான ஓர் இல்லத்தில் அது பிறந்தது.

காலம் மட்டும் மிகப் பழையது. 5-ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சிலுள்ள தூர் நகரத்து ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11-இல் வரும் புனித மார்ட்டின் திருநாள் தொடங்கி கிறிஸ்து பிறப்பு வரை வாரத்துக்கு மூன்று நாள் உபவாசம் இருக்கும்படி தம் மக்களுக்கு விதித்தார். கிழக்கத்திய சபைகள் பல இன்றும் கிறிஸ்துமஸுக்கு முன் நாற்பது நாள் நோன்பு காக்கின்றன. மிலான் நகரில் இக்காலம் இன்னும் ஆறு வாரம். உரோமை வழக்கம் நான்கு ஞாயிறுகளாகச் சுருங்கி, அதுவே மேற்கத்திய சபைகளில் நிலைத்தது. ஊதா நிறப் பீடத்துணி அந்தப் பழைய நோன்பின் மிச்சம். லெந்து காலத்தைப் போலவே இதுவும் மனந்திரும்புதலின் காலமாக இருந்தது. பலகாரச் சட்டியும் புதுத்துணியும் பின்னால் வந்து சேர்ந்தவை.

இனி ஹாம்பர்க்குக்கு வருவோம். யோஹன் ஹின்ரிக் விஹெர்ன் 1808-இல் அந்தத் துறைமுக நகரில் பிறந்தார். பதினைந்து வயதில் தகப்பனை இழந்தார். தாயையும் தம்பி தங்கைகளையும் தாங்கிக்கொண்டே படித்து, கோட்டிங்கனிலும் பெர்லினிலும் இறையியல் கற்று ஊர் திரும்பினார். உடனே குருத்துவப் பணி கிடைக்கவில்லை. நகரின் புனித ஜார்ஜ் பகுதியில் ஞாயிறு பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தார். பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளைத் தேடிச் செல்வது அந்த வேலையில் ஒரு பங்கு. ஈரம் கசியும் ஒற்றை அறைகளில் குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடந்ததையும், குடியாலும் பசியாலும் பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிட்டதையும் அவர் வீடு வீடாகக் குறித்துவைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பாடம் சொல்லி அனுப்பிவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்குப் போதாது, இவர்களுக்கு வேண்டியது ஒரு வீடு என்ற முடிவுக்கு வந்தார்.

வீடும் கிடைத்தது. கார்ல் சீவெகிங் என்ற நகரப் பெரிய அதிகாரி, ஊருக்கு வெளியே ஹோர்ன் கிராமத்தில் தமக்கிருந்த கூரை வேய்ந்த பழைய வீட்டையும் நிலத்தையும் கொடுத்தார். அந்த வீட்டுக்கு ரவுஹஸ் ஹவுஸ் என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘கரடுமுரடான வீடு’. முன்பு அங்கிருந்த ரூகே என்பவரின் பெயர் வாய்மொழியில் திரிந்து இப்படி ஆயிற்று என்பார்கள். 1833 செப்டம்பர் 12-இல் இல்லம் நிறுவப்பட்டது. விஹெர்னுக்கு அப்போது 25 வயது. தாயைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டில் குடியேறினார். ஆண்டு முடிவதற்குள் 12 சிறுவர்கள் வந்துவிட்டார்கள். களவு, பிச்சை, ஓட்டம் என எல்லாம் பழகியவர்கள்.

அந்த நாளில் இத்தகைய பிள்ளைகளுக்கென இருந்த இடங்கள் பெரும்பாலும் சிறைக்கூடத்தின் தம்பி தங்கைகள்தாம். விஹெர்ன் மதில் எழுப்பவில்லை, தாழ்ப்பாள் போடவில்லை. வந்து சேரும் ஒவ்வொரு பிள்ளையிடமும், கடந்ததெல்லாம் மன்னிக்கப்பட்டது என்று முதல் நாளே சொல்லிவிடுவார். இங்கே உன்னைக் கட்டிவைக்க அன்பு என்கிற சங்கிலி ஒன்றுதான் உண்டு, அதன் நீளத்தைப் பொறுமையால் அளக்கலாம் என்ற கருத்தில் பேசுவார். பிள்ளைகளைப் பெரிய கூடத்தில் மொத்தமாக அடைக்காமல், ஏறக்குறைய பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பங்களாகப் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு வீடும் கூடவே தங்கும் ஓர் அண்ணனும் என்று அமைத்தார். இந்த அண்ணன்மாரைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய ஏற்பாடு பிற்காலத்தில் ஜெர்மனி முழுவதற்கும் தொண்டு ஊழியர்களைத் தந்தது. தச்சு, செருப்பு, அச்சு என்று தொழில்களும் கற்பிக்கப்பட்டன. 1835-இல் விஹெர்ன் அமாண்டா பேமே அம்மையாரை மணந்தார். அந்த இல்லத்தின் தாயாக அவர் ஆற்றிய பணிக்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.

நம் நாட்டு லுத்தரன் சபையார் இங்கே ஒரு பழைய உறவை அடையாளம் காணலாம். அநாதைப் பிள்ளைகளை வீடு கட்டி வளர்ப்பதைப் பக்தியின் மையத்தில் வைத்த மூத்த முன்மாதிரி, ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய இல்லம். அதே ஹாலேயில் படித்த சீகன்பால்க் ஐயர்தாம் 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, இங்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். ஹோர்னில் எரிந்த விளக்கும் தரங்கம்பாடியில் எரிந்த விளக்கும் ஒரே அடுப்பில் பற்றவைத்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சக்கரத்தின் கதை 1839-ஆம் ஆண்டினுடையது. ஹாம்பர்க்கில் டிசம்பர் மாதத்துச் சூரியன் மாலை நான்கு மணிக்கெல்லாம் மறைந்துவிடும். நாளுக்கு நாள் பொழுது குறுகிக்கொண்டே வரும். இருட்டும் குளிருமான அந்த நாட்களில், கிறிஸ்துமஸ் எப்போது, இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டார்களாம். வாழ்க்கையில் யாரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிப் பார்த்திராத பிள்ளைகள் அவர்கள். வரும் என்று சொன்னால் மட்டும் அவர்களுக்குப் போதாது. வந்துகொண்டிருக்கிறது என்று கண்ணால் காண வேண்டும். விஹெர்ன் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து ஜெபக்கூடத்தில் தொங்கவிட்டார். அதன் மேல் 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் 20 சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும். ஒவ்வொரு நாளும் சிறு ஆராதனை, வேத வாசிப்பு, பாட்டு, புதிதாக ஒரு சுடர். ஞாயிறுகளில் பெரியது, மற்ற நாட்களில் சிறியது. அந்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதியே முதல் ஞாயிறு. 24-ஆம் தேதி வரை எண்ணினால் ஞாயிறு நான்கு, வார நாள் இருபது. கணக்குச் சரியாக இருக்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத சிறுவனும் அண்ணாந்து பார்த்து மிச்ச நாளை எண்ணிவிடலாம். வெளியே பொழுது குறையக் குறைய உள்ளே வெளிச்சம் கூடிக்கொண்டே போனது.

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1848-இல் விட்டன்பெர்க் திருச்சபைக் கூட்டத்தில் விஹெர்ன் ஆற்றிய உரையிலிருந்து ‘உள்நாட்டு ஊழியம்’ என்ற பெரிய தொண்டு இயக்கம் எழுந்தது. 1857-இல் பிரஷ்ய அரசு அவரைச் சிறைச்சாலைச் சீர்திருத்தத்துக்கு அழைத்துக்கொண்டது. 1858-இல் பெர்லினில் அவர் நிறுவிய யோஹன்னஸ்டிஃப்ட் இல்லத்துக்கும் சக்கரம் போயிற்று. மரச் சக்கரத்துக்கு மேல் ஊசியிலைத் தழை சுற்றும் வழக்கம் வந்தது. வீடுகளுக்குள் நுழைந்தபோது இடத்துக்குத் தக்கபடி சுருங்கி நான்கு சுடர்கள் மட்டும் எஞ்சின. 1925-இல் கொலோன் நகரத்தில் கத்தோலிக்க ஆலயம் ஒன்றிலும் அது தொங்கியது. இன்று உலகம் முழுவதும் சபை வேறுபாடின்றி எல்லாருக்கும் சொந்தம். ஹோர்ன் இல்லத்தின் கட்டடங்களில் பெரும்பாலானவை 1943 குண்டுவீச்சில் அழிந்தன. மீண்டும் கட்டினார்கள். பிள்ளைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் என்று இன்றும் அங்கே பணி நடக்கிறது.

சுருங்கியதில் ஒன்றை நாம் இழந்தோம் என்பது என் வருத்தம். நான்கு சுடரும் ஞாயிறுகளுக்கு உரியவை. இருபது சிறு சுடர்களும் திங்கள் முதல் சனி வரைக்கும் உரியவை. வேலை, சமையல், பள்ளிக்கூடம், பேருந்து என்று ஓடுகிற நாட்களில்தான் பிள்ளைகள் அதிகமாகக் கேட்டிருப்பார்கள். கீதபவனிக்குப் பாட்டு பழகுவதும், வீட்டுக்கு வெள்ளையடிப்பதும், நட்சத்திரம் கட்டுவதும் நமக்கும் வார நாட்களில்தான். அந்த நாட்களுக்கு ஏன் சுடர் இல்லாமற் போயிற்று?

பழைய பாட ஒழுங்கில் மூன்றாம் ஞாயிற்றுக்குரிய சுவிசேஷம் மத்தேயு 11-ஆம் அதிகாரம். சிறையில் கிடக்கும் யோவான் ஸ்நானன், வரவேண்டியவர் நீர்தாமா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்கவா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். ஆண்டவர் அவருக்கு நாள் குறித்துக் கொடுக்கவில்லை. குருடர் காண்பதையும் முடவர் நடப்பதையும் தரித்திரருக்கு நற்செய்தி அறிவிக்கப்படுவதையும் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். கண்ணால் காணக்கூடியவையே பதில். சிறைச்சாலைகளுக்குள் நடந்துபோன விஹெர்னுக்கு இந்தப் பாடம் என்னவாக ஒலித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்கு அவர் தேதி சொல்லி அனுப்பவில்லை. விளக்கேற்றிக் காட்டினார்.

சபையாருக்கு ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டு நம் ஆலயத்தில் வளையத்துக்குப் பதில் முழுச் சக்கரமே வைப்போம். நம் ஊர்ப்பக்கம் பழைய மாட்டுவண்டிச் சக்கரம் கிடைக்காமற் போகாது. எத்தனை சிறு மெழுகுவர்த்தி என்பதை அந்தந்த ஆண்டு நாட்காட்டியைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் எந்தக் கிழமையில் விழுகிறதோ அதைப் பொறுத்து 18 முதல் 24 வரை மாறும். தினமும் மாலை கோயில்மணி அடித்ததும் கால் மணி நேரம் கூடினால் போதும். வார நாட்களின் சுடரை விடுதிப் பிள்ளைகள் ஏற்றட்டும். மிச்சம் எத்தனை என்று உரக்க எண்ணுவதையும் அவர்களிடமே விட்டுவிடுவோம்.