ராம்-லாக்: ஸ்கேன் மெஷினுக்குள்ள இருக்குற ரெண்டு பேர்

மேட்லேப்ல ஐரேடான்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. ஒரு பொருளைப் பல கோணத்துலேர்ந்து எடுத்த எக்ஸ்ரே நிழல்களை அதுக்குக் கொடுத்தா, அந்தப் பொருளைக் குறுக்கா வெட்டிப் பார்த்த மாதிரி ஒரு படத்தைத் திருப்பித் தரும். சிடி ஸ்கேனோட அடிப்படையும் இதுதான். எந்த ஃபில்டர் வேணும்னு நீங்க சொல்லலைன்னா, அதுவே ஒரு ஃபில்டரை எடுத்துக்கும். அந்த டீஃபால்ட் ஃபில்டரோட பேர் ராம்-லாக். சிக்னல் ப்ராசஸிங் படிச்ச எத்தனையோ பேர் இந்தப் பேரைத் தாண்டிப் போயிருப்போம்.

ராம்னா ராமச்சந்திரன். லாக்னா லக்ஷ்மிநாராயணன்.

இந்தக் கதையை இன்னைக்கு எடுக்கக் காரணம் எங்க ஊர் பல்லடம். சித்தப்பா பொண்ணு பயோ-மேத்ஸ் எடுத்து பிளஸ் டூ முடிச்சிருக்கா. எம்.பி.பி.எஸ் கிடைக்கிற அளவுக்கு நீட் மார்க் வரலை. பி.எஸ்சி ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜிக்கு அப்ளிகேஷன் போடறேங்கறா. தறி ஓட்டுற சித்தப்பா, "கடனை உடனை வாங்கியாவது இன்னொரு வருஷம் கோச்சிங் அனுப்பறேன்"ங்கறார். பெரியம்மா என்கிட்ட கேட்ட கேள்வி வேற: "ஏங்கண்ணு, எக்ஸ்ரே எடுக்கறதுக்கு எதுக்கு நாலு வருஷம்? பட்டன் அமுக்கற வேலைதான?"

நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

1895 நவம்பர்ல ஜெர்மனியில வில்ஹெல்ம் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சார். அடுத்த மாசமே மனைவியோட கையைப் படம் எடுத்தார். மோதிரம் போட்ட எலும்புக் கை, நம்ம எல்லாரும் பார்த்திருக்கோம். அந்தக் காலத்துல இதை இயக்கினவங்களுக்குப் பயிற்சின்னு பெருசா எதுவும் கிடையாது. மெஷின் சரியா ஓடுதான்னு பார்க்க, தன் கையையே கதிருக்கு முன்னாடி நீட்டுறது வழக்கம். எடிசன்கிட்ட வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி அப்படி நீட்டிக்கிட்டே இருந்தவர். கையில புண் வந்து, கேன்சர் ஆகி, ரெண்டு கையையும் எடுத்தும் பிழைக்கலை. 1904-ல இறந்துட்டார். அதுக்கப்புறம் எடிசன் எக்ஸ்ரே பக்கமே போகலை.

1936-ல ஹாம்பர்க்ல ஒரு ஆஸ்பத்திரி வளாகத்துல நினைவுத்தூண் ஒண்ணு வெச்சாங்க. எக்ஸ்ரேயாலயும் ரேடியத்தாலயும் செத்துப்போன 169 பேரோட பேரை அதுல செதுக்கியிருந்தாங்க. பின்னாடி இன்னும் நிறைய பேர் சேர்ந்தது. டாக்டர்கள், இயற்பியலாளர்கள் மட்டும் இல்ல, நர்ஸ், டெக்னீஷியன் எல்லாரும் அதுல உண்டு. இந்தப் படிப்போட சிலபஸ்ல கதிர்வீச்சுப் பாதுகாப்புன்னு ஒரு பேப்பர் இருக்குன்னா, அது இவங்க எழுதிக் கொடுத்த பேப்பர்னுதான் நான் சொல்லுவேன்.

நம்ம பக்கம் வந்தா, 1934-ல மெட்ராஸ் ஜெனரல் ஹாஸ்பிடல்ல பர்னார்ட் கதிரியக்கவியல் நிலையம் ஆரம்பிச்சாங்க. எக்ஸ்ரே துறையை அங்க வளர்த்த கேப்டன் பர்னார்ட் பேர்தான் அதுக்கு. ஆசியாவுலயே பழைய நிலையங்கள்ல ஒண்ணு. ஆனா அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்கு நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்ல எக்ஸ்ரே வேலைங்கறது டார்க் ரூம், ஃபிலிம், கெமிக்கல் தொட்டி, சிவப்பு லைட்டுதான். பெரியம்மா மனசுல இருக்குற படம் அந்தக் காலத்தோடது.

அந்தப் படத்தை மாத்தினவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். இங்கிலாந்துல பண்ணையில வளர்ந்த பையன். யுனிவர்சிட்டி டிகிரி கிடையாது, எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்ல டிப்ளமோதான். போர்க்காலத்துல ராடார் வேலை, அப்புறம் ஈ.எம்.ஐ கம்பெனியில கம்ப்யூட்டர் டிசைன். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டன்ல, மூளையில கட்டி இருக்குமோன்னு சந்தேகப்பட்ட ஒரு பெண்மணிக்கு அவரோட மெஷின்ல முதல் ஸ்கேன் எடுத்தாங்க. 180 கோணம், கோணத்துக்கு 160 அளவீடு, மொத்தம் 28,800 எண். அதை வெச்சு 80-க்கு 80 கட்டத்துல ஒரு படம். உங்க போன்ல இருக்குற ஆப் ஐகானே இதைவிட ரெசல்யூஷன் அதிகம். அந்தப் படம் வந்து சேர, கம்ப்யூட்டர்ல ரெண்டரை மணி நேரம் கணக்குப் போட வேண்டியிருந்தது.

ஏன் அவ்வளவு நேரம்? ஒவ்வொரு கட்டத்துலயும் என்ன மதிப்பு இருக்கும்னு முதல்ல ஊகிக்கணும், அளந்ததோட ஒப்பிடணும், திருத்தணும், மறுபடி ஊகிக்கணும். லூப்புக்குள்ள லூப். கோடு எழுதறவங்களுக்கு இதோட வலி தெரியும்.

அதே 1971-ல ராமச்சந்திரனும் லக்ஷ்மிநாராயணனும் சேர்ந்து எழுதின ஒரு கட்டுரை, அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியோட இதழ்ல வந்தது.

ஜி.என். ராமச்சந்திரனைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். இனிஷியல்ல இருக்குற ஜி, நெல்லைச் சீமை கோபாலசமுத்திரம். பிறந்தது 1922-ல எர்ணாகுளத்துல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்கத்தான் போனார். அங்க சி.வி. ராமன் அவரை இயற்பியலுக்கு இழுத்துக்கிட்டார். 1952-ல முப்பது வயசுவாக்குல மெட்ராஸ் யுனிவர்சிட்டியில இயற்பியல் பேராசிரியர். கிண்டியில உட்கார்ந்துக்கிட்டு, பக்கத்துல இருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து கொலாஜன் வாங்கி எக்ஸ்ரேயில பார்த்து, அது மூணு இழை முறுக்கின கயிறு மாதிரி இருக்குன்னு 1954-ல கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து சொன்னார். புரதங்களுக்கான ராமச்சந்திரன் வரைபடம் 1963. ஒரு மனுஷனுக்கு இதுவே போதும். இவர் அதோட நிக்கலை.

ஸ்கேன் விஷயத்துல அவங்க செஞ்சதை இப்படிச் சொல்லிப் பார்க்கறேன். ஒரு கோணத்துல கிடைச்ச நிழலை, வந்த வழியிலயே திருப்பி இழுத்து ஒரு தாள் பூரா பூசுங்க. எல்லாக் கோணத்துக்கும் இதையே செஞ்சா, உள்ள இருக்குற பொருள் தெரியும். ஆனா பனிமூட்டத்துல அவினாசி ரோட்டைப் பார்த்த மாதிரி மங்கலாத் தெரியும், ஏன்னா பூச்செல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுது. அதனால பூசறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு நிழலையும் ஒரு ஃபில்டர்ல போட்டு ஓரங்களைக் கூர்மையாக்கிட்டா, மங்கல் கழிஞ்சு போயிடும். இதுக்கு முன்னாடி ஃபூரியர் மாற்றம் வழியா போய் இதைச் செய்யலாம்னு தெரியும், ஆனா அது சுத்து வழி. இவங்க கன்வல்யூஷன்னு சொல்ற எளிமையான பெருக்கல்-கூட்டல் கணக்குலயே முடிச்சுட்டாங்க. இன்னொரு வசதி, எல்லா நிழலும் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. ஒரு நிழல் வந்ததும் ஃபில்டர் பண்ணிப் பூசிட்டு அடுத்ததுக்குப் போயிடலாம். நம்ம பாஷையில, பேட்ச் ப்ராசஸிங்கை ஸ்ட்ரீமிங்கா மாத்திட்டாங்க.

ஹவுன்ஸ்ஃபீல்ட் ஊகிச்சுத் திருத்தின முறையை விட்டுட்டு, பின்னாடி வந்த சிடி மெஷின்கள் இந்தக் குடும்பத்து முறைக்குத்தான் மாறிச்சு. 1979 நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மாக்குக்கும் போச்சு. "தமிழனோட நோபலைத் திருடிட்டாங்க"ன்னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு கிளம்பறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்: இதோட கணிதத்தை ஜோஹன் ரேடான் 1917-லயே எழுதிட்டார், அந்த ஐரேடான் ஃபங்ஷன்ல இருக்குறது அவர் பேர்தான். ரேடியோ வானியல்ல பிரேஸ்வெல்லும் ரிட்டிலும் இதே மாதிரி ஒரு வழியை 1967-ல கண்டுபிடிச்சிருந்தாங்க. ராமச்சந்திரனோட பெருமை குறையாது, அவ்வளவுதான்.

இப்ப பெரியம்மா கேள்விக்கு வருவோம். ராம்-லாக் ஃபில்டர் ஓரத்தைக் கூர்மையாக்கும்போது, படத்துல இருக்குற இரைச்சலையும் சேர்த்துக் கூர்மையாக்கிடும். அதனால இன்னைக்கு சிடி கன்சோல் முன்னாடி உட்கார்றவங்க கெர்னல்னு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கறாங்க. எலும்பு முறிவு பார்க்கணும்னா கூர்மையானது, கல்லீரல் பார்க்கணும்னா மென்மையானது. நிறைய மெஷின்ல அது புரோட்டோகாலோடயே வந்துடும். ஆனா வந்திருக்குறது நாலு வயசுக் குழந்தைன்னா? டோஸைக் குறைக்கணும். குறைச்சா இரைச்சல் ஏறும். எவ்வளவு குறைச்சா டாக்டரால இன்னும் படிக்க முடியும்? இது தெரியாத ஆள் கையில அந்தப் பட்டன் இருந்தா, குழந்தைக்குத் தேவையில்லாத கதிர்வீச்சு போகும், இல்லைன்னா படம் சரியில்லைன்னு ரெண்டாவது தடவை எடுப்பாங்க. நாலு வருஷம் எதுக்குன்னா இதுக்குத்தான் பெரியம்மா.

அட்மிஷனுக்கு வர்றேன். தமிழ்நாட்டுல அரசுக் கல்லூரிகளுக்கும், தனியார் கல்லூரிகள்ல அரசு ஒதுக்கீட்டுக்கும் கீழ்ப்பாக்கத்துல இருக்குற தேர்வுக் குழுதான் கவுன்சலிங் நடத்துது. மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகள்னு தனி அப்ளிகேஷன். இதுவரைக்கும் நீட் கேட்டதில்ல, பிளஸ் டூ மார்க்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குத் தனி வழி. விதிமுறை மாறலாம், அதனால அந்தந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டை முழுசாப் படிங்க, யூடியூப் ஷார்ட்ஸை நம்பாதீங்க.

தயாரிப்புன்னு கேட்டா, என் கருத்து இது. இதுக்கு அப்ளை பண்றவங்க நிறைய பேர் பயாலஜியில உயிரைக் கொடுத்துட்டு, ஃபிசிக்ஸை ஒரு தொல்லையா நினைக்கறாங்க. உள்ள போனதும் முதல் வருஷமே அந்தத் தொல்லை முன்னாடி வந்து உட்கார்ந்துக்கும். பிளஸ் டூ புத்தகத்துல கதிர்வீச்சு, பருப்பொருளோட இருமைப்பண்பு பாடம் இருக்கில்லையா, அதுல 12,400-ஐ வோல்டேஜால வகுத்தா எக்ஸ்ரேயோட மிகக் குறைஞ்ச அலைநீளம் ஆங்ஸ்ட்ராம்ல வரும். சிடியில சாதாரணமா வெக்கிற 1,20,000 வோல்ட்டைப் போட்டுப் பாருங்க, 0.1 ஆங்ஸ்ட்ராம் வாக்குல வரும். தேர்வுக்காக மனப்பாடம் பண்ற அந்த ரெண்டு மார்க் கணக்குதான் கன்சோல்ல இருக்குற நாப். அந்தப் பாடத்தையும் அணுக்கரு இயற்பியலையும் லீவுலயே ஒருதடவை பொறுமையாப் படிச்சுட்டுப் போங்க.

இன்னொண்ணு. "ஸ்கேன் படிக்கறேன்"னு சொன்னதும் வீட்டுல எல்லாரும் கர்ப்பிணிகளுக்கு எடுக்குற அல்ட்ராசவுண்டைத்தான் நினைப்பாங்க. 1994-ல வந்த கருவின் பாலினத்தேர்வு தடைச் சட்டத்தால நம்ம நாட்டுல அதை எடுக்குறது அதுக்குத் தகுதி பெற்ற டாக்டரோட வேலை. எக்ஸ்ரே, சிடி, எம்.ஆர்.ஐ, மேமோகிராம் எல்லாம்தான் இந்தப் பட்டம் வாங்கினவங்களோட களம்.

காலேஜ் பார்க்கப் போறப்ப கட்டடத்தைப் பார்க்காதீங்க. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தோட அங்கீகாரமா, இல்ல வேற எந்தப் பல்கலைக்கழகம்னு கேளுங்க. கடைசி வருஷ இன்டர்ன்ஷிப் எந்த ஆஸ்பத்திரியில, அங்க சிடியும் எம்.ஆர்.ஐயும் ஓடுதா, ஒரு நாளைக்கு எத்தனை கேஸ்னு கேளுங்க. பசங்களுக்கு டி.எல்.டி பேட்ஜ் கொடுக்கறாங்களான்னும் கேளுங்க. கதிர்வீச்சு எவ்வளவு பட்டுச்சுன்னு அளக்கற சின்ன அட்டை அது, மூணு மாசத்துக்கு ஒருதடவை மாத்தி ரீடிங் எடுப்பாங்க. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வெச்சிருக்குற வரம்பு, வேலை செய்றவங்களுக்கு அஞ்சு வருஷ சராசரியில வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட். பேட்ஜ்னா என்னன்னு திருப்பிக் கேக்கற இடமா இருந்தா, ஆறு மாச சர்டிபிகேட்டை எவ்வளவு குறைச்ச ஃபீஸுக்குக் கொடுத்தாலும் வண்டியைத் திருப்பிட்டு வந்துடுங்க.

சித்தப்பா பொண்ணு அப்ளிகேஷன் போட்டாச்சு. சித்தப்பா இன்னும் முழுசா இறங்கி வரலை, ரேங்க் லிஸ்ட் வரட்டும்ங்கறார். அடுத்த எபிசோட்ல, எக்ஸ்ரேயே இல்லாம காந்தத்தை வெச்சுப் படம் எடுத்த எம்.ஆர்.ஐயோட கதை. 1973-ல பால் லாட்டர்பர் எடுத்த முதல் படத்துக்கும் இதே மாதிரி நிழலைத் திருப்பிப் பூசற வேலைதான் நடந்தது. அதை அங்க பேசுவோம். வர்றேங்க.