மங்கிய எழுத்தைப் படிக்க ஒரு பழைய லென்ஸ்

என் தாத்தா திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஊர்ப் பெண்கள் வயலில் பாடிய நடவுப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் கேட்டுக் கேட்டு ஒரு கணக்கு நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மொத்தம் 92 பக்கங்கள். அவர் காலத்துக்குப் பிறகு நோட்டு அத்தையிடம் இருந்தது. "எத்தனை படம் வேணும்னாலும் புடிச்சுக்கப்பா, வூட்டை விட்டு மட்டும் எடுத்துட்டுப் போவாதே" என்பது அத்தையின் நிபந்தனை.

நான் வேலை பார்ப்பது தோக்கியோவில். பழைய லென்ஸ் வாங்க இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது கடினம். ஷின்ஜுகு, நகானோ, கின்ஸா என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய காமிராக் கடைகள். அப்படியிருந்தும் முதல் முறை தவறான லென்ஸை வாங்கினேன். அதன் விலையை நான் யென்னில் மட்டும் கொடுக்கவில்லை. அந்த அனுபவத்தை வைத்து, பழைய புத்தகங்களையோ கையெழுத்துப் பிரதிகளையோ படம் பிடிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எதற்குத் தனி லென்ஸ்?

செல்பேசி போதாதா என்று கேட்கலாம். அச்சுப் புத்தகத்துக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் மங்கிய பென்சில் எழுத்தில் சிக்கல் வருகிறது. செல்பேசிகள் படத்தை எடுத்ததும் அதைத் தாமே மெருகேற்றிவிடுகின்றன. அந்த மெருகில், புள்ளியும் சுழியும் படத்தின் இரைச்சலோடு சேர்ந்து துடைக்கப்பட்டுவிடலாம். ஸ்கேனரில் நோட்டைக் கவிழ்த்து அழுத்தலாம் என்றால், தையல் விட்ட நோட்டு அதைத் தாங்காது.

சாதாரண காமிரா லென்ஸ்கள் தூரத்துக் காட்சிக்காகக் கணக்கிடப்பட்டவை. அருகில் உள்ள தட்டையான தாளை அவற்றால் எடுத்தால் நடுவில் எழுத்து கூர்மையாகவும் ஓரங்களில் கலங்கியும் வருவதுண்டு. தட்டையான பரப்பை ஓரம் வரை தட்டையாகவே பதிவு செய்யும்படி வடிவமைக்கப்பட்ட லென்ஸ்கள் தனி வகை. பல நிறுவனங்கள் இவ்வகையை 'மேக்ரோ' என்று அழைக்க, நிக்கான் மட்டும் 'மைக்ரோ' என்கிறது. தேடும்போது இரண்டு சொல்லையும் போட்டுப் பாருங்கள்.

நிக்கானின் இந்த லென்ஸ் பிறந்த காரணம் நம்மைப் போன்றவர்களுக்குச் சுவையானது. நூலக ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் சுருக்கிப் பதிவு செய்தபோது, ஆங்கில எழுத்துக்குப் போதுமாக இருந்த லென்ஸ்கள் ஜப்பானிய எழுத்துக்குப் போதவில்லை. ஒரு சிறு சதுரத்துக்குள் இருபது, இருபத்தைந்து கோடுகள் அடைந்து கிடக்கும் காஞ்சி எழுத்துகள் உண்டு. மனச்சோர்வைக் குறிக்கும் 'உத்ஸு' என்ற எழுத்துக்கு மட்டும் 29 கோடுகள்! சுருக்கினால் எல்லாம் சேர்ந்து ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும். அதைத் தீர்க்கத்தான் அன்று நிப்பான் கோகாக்கு என்ற பெயரில் இருந்த நிறுவனம் 1956-ல் 5 செ.மீ. மைக்ரோ-நிக்கோரைக் கொண்டுவந்தது. பிற்பாடு பூவையும் பூச்சியையும் படம் பிடித்துப் புகழ் பெற்ற லென்ஸ் வரிசை, முதலில் எழுத்தைக் காப்பாற்ற வந்தது.

எந்த லென்ஸ்?

பழைய சந்தையில் எளிதாகக் கிடைப்பவை இரண்டு. 1961-ல் தொடங்கிய 55 மி.மீ. எஃப்/3.5 ஒன்று. எண்பதுகளின் தொடக்கம் முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் விற்பனையில் இருந்த 55 மி.மீ. எஃப்/2.8 மற்றொன்று. இரண்டுமே கையால் ஃபோகஸ் செய்ய வேண்டியவை. தாளைப் படம் பிடிக்க அதுதான் வசதியும்கூட. பிந்தையதில், ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது உள்ளே கண்ணாடிகளுக்கு இடையிலான தூரமும் மாறி, அருகிலும் தொலைவிலும் தரம் காக்கப்படுகிறது. புத்தகப் பக்கத்துக்கு முந்தையதே தாராளம்.

மிரர்லெஸ் காமிராவில் இணைப்பு வளையம் வைத்துப் பயன்படுத்தினால் எந்தக் காலத்து லென்ஸும் பொருந்தும். நிக்கானின் கண்ணாடி வைத்த எஸ்எல்ஆர் காமிராவில் நேரடியாக மாட்டுவதாக இருந்தால் எச்சரிக்கை தேவை. 1977-ல் 'ஏஐ' முறை வருவதற்கு முன் செய்யப்பட்ட, பிறகு திருத்தியமைக்கப்படாத லென்ஸ்கள் பல காமிராக்களின் விளிம்பிலுள்ள சிறு நெம்புகோலை உடைத்துவிடும்.

காசு குறைவு என்றால், இருட்டறையில் படம் பெரிதாக்கப் பயன்பட்ட என்லார்ஜர் லென்ஸ்களையும் பார்க்கலாம். எல்-நிக்கோர், ரோடகான், காம்போனான் போன்றவை. தட்டையான நெகட்டிவிலிருந்து தட்டையான தாளுக்கு வேலை செய்தவை என்பதால் நம் தேவைக்குப் பொருந்தும். இருட்டறைகள் மூடப்பட்டுவிட்டதால் மலிவு. ஆனால் ஃபோகஸ் வளையம் இருக்காது. பெல்லோஸ் போன்ற ஒன்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

ஜப்பானியக் கடைகளில் லென்ஸோடு ஒரு சீட்டு தொங்கும். குறைகள் அதில் எழுதியிருக்கும். 'கபி' என்றால் பூஞ்சை. 'குமோரி' என்றால் உள்மங்கல். 'ஹொகோரி' தூசி. 'அதாரி' எங்கோ இடித்த தழும்பு. 'பல்சாமு கிரே' என்றால் ஒட்டியிருந்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பசை விட்டுப்போனது. 'ஜன்கு' என்று எழுதிய பெட்டியில் கிடப்பவை திருப்பி எடுத்துக்கொள்ளப்பட மாட்டா. எந்த நாட்டில் வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதாம்.

தூசியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பழைய லென்ஸில் தூசி இல்லாவிட்டால்தான் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள். திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா பாருங்கள். முன் கண்ணாடியில் மெல்லிய கீறல் படத்தில் அநேகமாகத் தெரியாது. பின் கண்ணாடியில் உள்ள கீறலுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை திருப்புங்கள். நடுவில் கனத்தால் உள்ளே மரையில் உள்ள கிரீஸ் இறுகிவிட்டது. 55 மி.மீ. எஃப்/2.8-க்கு இது பழகிய நோய். இன்னொரு நோய், அந்தக் கிரீஸின் எண்ணெய் கசிந்து ஒளித்துளையின் இதழ்களில் படிவது. துளையை மிகச் சிறிய அளவுக்கு வைத்து, பின்பக்க நெம்புகோலைத் தட்டி விடுங்கள். இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக நகர்ந்தாலோ இதழ்களில் பளபளப்பு தெரிந்தாலோ, சுத்தம் செய்யும் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பிறகு துளையை முழுதாகத் திறந்து, டார்ச் விளக்கைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். பூஞ்சை சிலந்தி வலை போல இழையிழையாகத் தெரியும். நாள்பட்ட பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும். துடைத்தாலும் தடம் போகாது. உள்மங்கல் அப்படி உருவம் காட்டாது. மூச்சு விட்ட கண்ணாடி போல, வெறும் வெளிர்ப்பாக நிற்கும். நேராகப் பார்த்தால் கண்ணுக்கே படாது.

நான் செய்த தவறு

அந்த வெளிர்ப்பைத்தான் நான் பார்க்கவில்லை. 2017-ன் கடைசியில் என் முன்னே இரண்டு லென்ஸ்கள் இருந்தன. ஒன்றின் முன் கண்ணாடியில் நகம் அளவுக்குக் கீறல். மற்றது நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்தது போல இருந்தது. கீறலைக் கண்டு பயந்து, பளபளப்பானதை 14,000 யென் கொடுத்து வாங்கினேன். வீட்டில் அச்சிட்ட செய்தித்தாளை வைத்துச் சோதித்தேன். கறுப்பு மையெழுத்து நன்றாகவே வந்தது.

2018 பொங்கலுக்கு ஊருக்குப் போய், அத்தை வீட்டுத் திண்ணையில் நோட்டை வைத்து, 92 பக்கங்களையும் எடுத்தேன். காமிராவின் சிறு திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. தோக்கியோ திரும்பிப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. உள்மங்கல் உள்ள லென்ஸில், தாளின் வெண்மை முழுவதும் உள்ளே சிதறி ஒரு பால்திரை போலப் படத்தின் மேல் படிகிறது. அச்சு மை அதைத் தாண்டி நிற்கும். எழுபது வருடப் பென்சில் நிற்காது. கணினியில் கறுப்பை ஏற்றினால் எழுத்தோடு காகித நாரும் சேர்ந்து ஏறியது. தாத்தா அழுத்தி எழுதிய வரிகள் தேறின. கை தேய்ந்த ஓரங்கள் தேறவில்லை.

சரி, அடுத்த பொங்கலுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அத்தை வீட்டு ஓடுகள் பறந்தன. நோட்டு இருந்த மர அலமாரி இரண்டு நாள் நனைந்து கிடந்தது. பென்சில் தண்ணீரில் கரையாது. ஆனால் காகிதம் கரைகிறது. 2019 பொங்கலுக்கு நான் போனபோது நோட்டின் பின்பகுதி ஒரே கட்டியாக ஒட்டிப் பூத்துப் போயிருந்தது. 31 பக்கங்களைப் பிரிக்கவே முடியவில்லை. "போன வருசந்தான் எல்லாத்தையும் புடிச்சிட்டியேப்பா" என்று அத்தை எனக்கு ஆறுதல் சொன்னார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

மிஞ்சிய 61 பக்கங்களை வேறு லென்ஸில் எடுத்தேன். எஃப்/3.5 வகை, முன் கண்ணாடியில் கீறல், விலை 6,000 யென். ஒவ்வொரு புள்ளியும் தெரிகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

கடைக்குப் போகும்போது நீங்கள் படிக்கப் போகும் எழுத்தைப் போன்ற ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெள்ளைத் தாளில் மெல்லிய பென்சிலால் நான்கு மூலைகளிலும் நடுவிலும் எழுதிய நாலு வரி போதும். கடைக்காரரிடம் கேட்டால் சொந்தக் காமிராவில் மாட்டிப் பார்க்க விடுவார்கள். துளையை முழுதாகத் திறந்து ஒரு படம், எஃப்/8-ல் ஒரு படம். நான்கு மூலைகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் கலங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கலாம். படத்தை அங்கேயே முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் இதே சோதனையைச் செய்துவிடுங்கள்.

படம் பிடிக்கும்போது எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை நல்லது. எஃப்/16-க்கு மேல் போனால் கூர்மை குறையும். காமிரா தாளுக்கு நேர் மேலே இருக்கிறதா என்று அறிய, பக்கத்தின் மேல் ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியை வையுங்கள். படத்தின் நடுவில் லென்ஸின் பிம்பம் தெரிந்தால் சரி. இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு வைத்தால் பென்சில் மினுங்காது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் காமிராவில், ஏ5 அளவுப் பக்கம் சட்டத்தை நிறைத்தால் அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். படிக்க அது போதும்.

வாங்கிய லென்ஸைக் காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோக்கியோவின் ஜூன் மழையும் நம் ஊர்க் கார்த்திகை மழையும் பூஞ்சைக்கு ஒன்றுதான்.

பாட்டுகளை இப்போது தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். பழைய படங்களில் படிக்க முடியாத இடங்களில் வெற்றுக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மொத்தம் 43 கட்டங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையைத் தொலைபேசியில் அழைத்து முந்தைய வரியைப் படித்துக் காட்டுவேன். சில சமயம் அடுத்த வரி அவருக்கு ராகத்தோடு வந்துவிடுகிறது. இதுவரை ஐந்து கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன.