முதலிதழும் அடுத்த இதழும்: ஈழத்துச் சஞ்சிகை முயற்சிகள் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் நூல்களை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு அதனை எழுதிவிட முடியாது. இந்நாட்டின் நவீன சிறுகதையும் கவிதையும் விமர்சனமும் நூலுருப் பெறுவதற்கு முன்னர் பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலுமே பெரும்பாலும் வெளிவந்தன. அவற்றுட் பல இன்றுவரை நூலுருப் பெறாமல் அப்பக்கங்களிலேயே கிடக்கின்றன. ஆயினும், அச்சஞ்சிகைகளைப் பற்றிக் குறிப்பிடுமிடத்து ஒரே வாய்பாடே பெரும்பாலும் கையாளப்படுகின்றது. 'இன்ன ஆண்டில் தோன்றியது. இத்தனை இதழ்களுடன் நின்றுபோயிற்று' என்பதே அவ்வாய்பாடு. ஒரு சஞ்சிகையைத் தொடங்கியோர் எவற்றை எதிர்பார்த்தனர், எவற்றால் ஏமாற்றமடைந்தனர், எதனால் நிறுத்தினர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் 1946 ஆம் ஆண்டில் தோன்றிய மறுமலர்ச்சியையும் 1966 ஆம் ஆண்டில் தோன்றிய மல்லிகையையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு அவ்வினாக்களுக்கு விடை காண முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னைய நிலை

யாழ்ப்பாணத்தின் பத்திரிகை வரலாறு 1841 ஆம் ஆண்டில் வெளிவந்த உதயதாரகையுடன் தொடங்குகின்றது. தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த அப்பத்திரிகையை அமெரிக்க மிசன் நடத்தியது. மானிப்பாயில் மிசனுக்குச் சொந்தமான அச்சகம் இருந்தது. மிசன் பாடசாலைகளும் 1823 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியும் வாசிக்கத்தக்க ஒரு கூட்டத்தினரை ஏற்கெனவே உருவாக்கியிருந்தன. எனவே, அச்சிடுவதற்கு ஓர் இடத்தையும் வாசிப்பதற்குச் சிலரையும் தேடி அலையவேண்டிய நிலை அதற்கு ஏற்படவில்லை. மிசனை எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலரும் இவ்விடயத்தில் அதே வழியையே பின்பற்றினார். அவர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டில் அச்சியந்திரத்தைத் தருவித்தார். பாடசாலை, அச்சகம், எழுத்து என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. 1930 இல் ஈழகேசரியைத் தொடங்கிய நா. பொன்னையாவும் சுன்னாகத்தில் சொந்த அச்சகம் நடத்தியவரே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இவ்வகை நிறுவன ஆதரவின்றி, எழுத்தார்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு சஞ்சிகை தொடங்குதல் என்பது இதனின்றும் முற்றிலும் வேறானதொரு முயற்சியாகும். அம்முயற்சியின் முதற் குறிப்பிடத்தக்க சான்றாக மறுமலர்ச்சியைக் கொள்ளலாம்.

மறுமலர்ச்சி

1943 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து இளம் எழுத்தாளர் சிலர் கூடி மறுமலர்ச்சிச் சங்கத்தை அமைத்தனர். இவர்களுட் பலர் ஈழகேசரியின் பக்கங்களிலே எழுதிப் பழகியவர்கள். இச்சங்கத்தின் முயற்சியால் 1946 மார்ச் மாதத்தில் மறுமலர்ச்சி என்னும் மாத சஞ்சிகை வெளிவந்தது. வரதர் எனப் பின்னர் பரவலாக அறியப்பட்ட தி. ச. வரதராசனும் அ. செ. முருகானந்தனும் அதன் ஆசிரியர்களாக விளங்கினர். மஹாகவி, நாவற்குழியூர் நடராசன், சு. வே., சொக்கன் முதலிய பெயர்கள் அச்சஞ்சிகையோடு இணைத்து நினைக்கப்படுகின்றன. எழுதுவோருக்குப் பஞ்சமிருக்கவில்லை என்பதற்கு இப்பெயர்களே போதிய சான்றாகும்.

1948 ஒக்டோபருடன் மறுமலர்ச்சி நின்றுபோயிற்று. அதுவரை வெளிவந்தவை 24 இதழ்கள். இலக்கிய வரலாறுகள் இத்தரவை மாத்திரமே தருகின்றன. ஆயின், அதனைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். 1946 மார்ச் தொடக்கம் 1948 ஒக்டோபர் வரையான காலம் 32 மாதங்களாகும். மாதந்தோறும் வெளிவரவேண்டிய சஞ்சிகைக்கு எட்டு இதழ்கள் இல்லாமற் போயுள்ளன. சஞ்சிகை நின்றது ஒருநாளில் நிகழ்ந்த மரணமன்று. வராத ஒவ்வோர் இதழும் அதன் முன்னறிவித்தலாக இருந்தது எனலாம்.

இவர்களை எதிர்கொண்ட முதன்மையான இடர்ப்பாடு சந்தையிலே இருந்தது. அக்காலத்து யாழ்ப்பாண வாசகரின் கைகளிற் கலைமகள், ஆனந்த விகடன், கல்கி ஆகிய தமிழகச் சஞ்சிகைகளே தவழ்ந்தன. கதை வாசித்தலென்றால் தமிழகக் கதையை வாசித்தல் என்றே பலர் எண்ணிய காலம் அது. அயல் வீட்டவனையும் அடுத்த ஊரையும் அச்சிற் காண்பதிலே ஒரு கவர்ச்சி உண்டென்பதை வாசகர் உணரவேண்டியிருந்தது. உணர்வதற்கோ அவகாசம் தேவைப்பட்டது. அந்த அவகாசத்தை விலைகொடுத்து வாங்கும் வல்லமை இளைஞர் குழுவொன்றுக்கு இருக்கவில்லை. அதே 1946 ஆம் ஆண்டில் கொழும்பிலே கே. கணேஷும் கே. ராமநாதனும் தொடங்கிய பாரதி என்னும் முற்போக்குச் சஞ்சிகையும் நீண்டகாலம் நிலைக்கவில்லை. நோக்கில் வேறுபட்ட இரு சஞ்சிகைகளுக்கும் ஒரேவகையான முடிவு நேர்ந்தமை, காரணம் உள்ளடக்கத்திலன்றிச் சூழலிலேயே பெரிதும் தங்கியிருந்தது என்பதைப் புலப்படுத்துகின்றது.

அச்சும் விற்பனையும்

அச்சூழலின் பொருளாதார அடிப்படை விளங்கிக்கொள்ளத்தக்கது. ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்து, பக்கங்களை முடுக்கி, மெய்ப்புப் பார்த்து, அச்சிட்டு, மீண்டும் எழுத்துக்களைக் கலைத்து அறைகளில் இடுதல் என்பதே அன்றைய அச்சுமுறை. இருநூறு பிரதிகள் அச்சிடினும் இரண்டாயிரம் அச்சிடினும் எழுத்துக் கோக்கும் செலவு ஒன்றே. எனவே, குறைந்த பிரதிகளை அச்சிடும் சஞ்சிகையின் ஒவ்வொரு பிரதியும் அதிக அடக்க விலையைத் தாங்கவேண்டியிருந்தது. பெருந்தொகையாக அச்சிடப்பெற்றுப் பல வர்ண அட்டையுடன் வந்திறங்கிய தமிழகச் சஞ்சிகையை விலையில் வெல்லுதல் இந்நிலையில் இயலாததாயிற்று. விலையை உயர்த்தினால் வாங்குவோர் குறைவர். குறைத்தால் விற்பனை கூடக் கூட நட்டமும் கூடும்.

விற்பனையிலும் ஏமாற்றமே காத்திருந்தது. கடைக்காரருக்குக் கழிவு கொடுத்தல் வேண்டும். விலைப்படாத பிரதிகளைத் திரும்பப் பெறுதல் வேண்டும். விலைப்பட்டவற்றுக்குரிய பணமோ உடனே கைக்கு வந்து சேர்வதில்லை. முந்திய இதழின் பணம் வருவதற்கு முன்னரே அடுத்த இதழின் தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் பணம் தேடவேண்டியிருந்தது. மேலும், ஊர் வாசிகசாலைக்கு வரும் ஒரு பிரதியைப் பலர் வாசிப்பது வாசிப்புப் பண்பாட்டின் சிறப்பாயினும், சஞ்சிகையின் கணக்கில் அது ஒரு பிரதியே. நண்பர்களோ இலவசப் பிரதியை எதிர்பார்த்தனர். முதலிதழுக்குக் கிடைத்த பாராட்டு மொழிகளையும் சந்தாப் பணத்தையும் ஒன்றாக எண்ணி மயங்கியோர், மூன்றாம் நான்காம் இதழ்களின்போதே இரண்டும் வெவ்வேறு என்பதை உணர்ந்தனர்.

மீண்டும் தொடங்கியோர்

இத்தகைய அனுபவத்தின் பின் ஒருவர் இத்துறையை விட்டு விலகியிருப்பின் அது வியப்புக்குரியதன்று. வரதரோ விலகவில்லை. 1955 ஆம் ஆண்டில் மஹாகவியுடன் இணைந்து தேன்மொழி என்னும் சஞ்சிகையை அவர் வெளியிட்டார். ஈழத்தில் கவிதைக்கெனவே தோன்றிய முதற் சஞ்சிகை அதுவாகும். கதைச் சஞ்சிகையே விலைப்படாத நிலத்தில் கவிதைச் சஞ்சிகை தொடங்குதல் வணிக அறிவுக்கு ஒவ்வாத செயலெனத் தோன்றலாம். சில இதழ்களுடன் அதுவும் நின்றது. பின்னர் வெள்ளி, புதினம் ஆகியவற்றையும், நெடுங்காலத்தின் பின் அறிவுக் களஞ்சியத்தையும் அவர் நடத்தினார். யாழ்ப்பாணத்தில் ஆனந்தா அச்சகத்தையும் அவர் நடத்தினார். எழுதத் தொடங்கியவர் அச்சகத்தாராக மாறிய இம்மாற்றத்தை, நாவலர் காலத்துப் பாடத்தைத் தம் நட்டத்தின் வாயிலாகவே கற்றுக்கொண்டமையாகக் கருதலாம்.

சிற்பி எனப்படும் சி. சரவணபவன் 1958 ஆம் ஆண்டில் கலைச்செல்வியைத் தொடங்கினார். ஆசிரியத் தொழிலிலிருந்த அவர் எட்டாண்டுகள் அதனை நடத்தி, இளம் எழுத்தாளர் பலருக்குக் களம் அமைத்துக் கொடுத்தபின் 1966 இல் நிறுத்த நேர்ந்தது. அதே ஆண்டிலேயே மல்லிகை தோன்றியது.

மல்லிகை

1966 ஓகஸ்ட் மாதத்தில் மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா கல்லூரிப் பட்டமோ செல்வமோ இல்லாதவர். யாழ்ப்பாண நகரிற் சிகை அலங்காரத் தொழில் செய்தவர். சாதியடிப்படையிலான ஒடுக்குமுறையை நேரில் அனுபவித்தவர். தண்ணீரும் கண்ணீரும் என்னும் சிறுகதைத் தொகுதிக்காகச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றிருந்தாரெனினும், அப்பரிசு அச்சகக் கணக்கைத் தீர்க்கவல்லதன்று. தம் தொழில் நிலையத்தையே சஞ்சிகையின் பணிமனையாகவும் கொண்டு அவர் தொடங்கினார். ஆசிரியர், வெளியீட்டாளர், விற்பனையாளர் ஆகிய மூவரும் அவரே. இதழ்க் கட்டைக் கையிலேந்தி வீதிகளிலும் கூட்ட மண்டபங்களிலும் அவரே நேரில் விற்றார். கடைக்காரரின் கழிவும் காத்திருப்பும் இவ்வாறு பெரிதும் தவிர்க்கப்பட்டன. அதனினும் மேலாக, வாசகர் யார், அவர் எதனை விரும்புகின்றார், எதனால் வாங்க மறுக்கின்றார் என்பதை ஆசிரியர் மாதந்தோறும் முகத்துக்கு முகம் அறிந்துகொண்டார். ஈழத்து எழுத்தாளரதும் கலைஞரதும் படங்களை அட்டையில் வெளியிட்டமையும் இந்நாட்டு வாசகர் தம்மவரை மதிக்கப் பழகுவதற்குத் துணைபுரிந்தது.

காலச் சூழலும் ஓரளவு மாறியது. 1970 களின் முற்பகுதியில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமை உள்நாட்டு வெளியீடுகளுக்கு ஊக்கமளித்தது. அதே காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடு தாள் தட்டுப்பாட்டையும் உண்டாக்கியது என்பதை மறந்துவிடலாகாது. பின்னர் போர் வந்தது. 1990 களில் மல்லிகை யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு இடம்பெயர நேர்ந்தது. அத்தனைக்குமிடையில் 2012 ஆம் ஆண்டின் இறுதி வரை 401 இதழ்கள் வெளிவந்தன.

இவ்விடத்தில் முன்னர் செய்த கணக்கை மல்லிகைக்கும் செய்து பார்த்தல் பயன்தரும். 1966 ஓகஸ்ட் தொடக்கம் 2012 இறுதி வரை ஏறத்தாழ 557 மாதங்கள். வெளிவந்த இதழ்கள் 401. அதாவது, நூறு மாதங்களுக்கு எழுபத்திரண்டு இதழ்கள் என்ற விகிதம். மறுமலர்ச்சியின் விகிதமோ நூற்றுக்கு எழுபத்தைந்து. வெற்றி பெற்றதெனக் கொண்டாடப்படும் சஞ்சிகையும் குறுகிய ஆயுளோடு முடிந்ததெனக் குறிக்கப்படும் சஞ்சிகையும் ஏறக்குறைய ஒரே அளவிலேயே மாதங்களைத் தவறவிட்டுள்ளன. இருவரும் சந்தித்த காலங்கள் வேறாயினும், தவறிய இதழ் இருவருக்கும் பொதுவானது. வேறுபாடு, தவறிய மாதத்தின் பின் அடுத்த இதழைக் கொண்டுவர ஒருவர் இருந்தாரா என்பதிலேயே தங்கியுள்ளது. சங்கத்தின் சஞ்சிகையில் அப்பொறுப்புப் பலருக்கும் உரியதாயிருந்தது. அவர்களோ உத்தியோகமும் குடும்பமும் அழைத்த திசைகளுக்குச் செல்லவேண்டியவர்கள். மல்லிகையில் அது ஒருவரின் வாழ்க்கைத் தொழிலாகவே அமைந்துவிட்டது.

ஆயினும், இத்தீர்வை முழுமையான தீர்வெனக் கொள்ள இயலாது. ஒருவரின் தோளில் நின்ற சஞ்சிகை அத்தோள் முதுமையடைந்தபோது இறங்கியே தீரவேண்டும். 2021 ஜனவரியில் ஜீவா மறைந்தபோது மல்லிகை நின்று எட்டாண்டுகள் கடந்திருந்தன. மிசனும் நாவலரும் அமைத்தவை நிறுவனங்கள். மல்லிகை ஒரு மனிதர். எழுத்தாளர் சமூகம் அவரது உழைப்பைப் பாராட்டியது, பங்கிட்டுக்கொள்ள முன்வரவில்லை. 1975 முதல் 1990 வரை 35 இதழ்களை வெளிக்கொணர்ந்த அலையின் வரலாறும், அதனைத் தாங்கி நின்ற அ. யேசுராசாவின் உழைப்பும் இக்கண்ணோட்டத்திலேயே ஆராயப்படவேண்டியவை.

முடிவுரை

1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது நூல்களுடன் பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் அழிந்தன. சில நூறு பிரதிகளே அச்சிடப்பெற்ற சஞ்சிகையொன்றுக்கு இத்தகைய இழப்பு ஈடுசெய்ய இயலாதது. எஞ்சியவை தனிப்பட்டோரின் பெட்டிகளிலும் அலுமாரிகளிலும் கிடந்தவையே. அவ்வாறு கிடந்த இதழ்களிலிருந்தே செங்கை ஆழியான் பின்னாளில் மறுமலர்ச்சிச் சிறுகதைகளைத் தொகுத்து நூலாக்கினார். 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம ஆவணத் திட்டம் இத்தகைய இதழ்கள் பலவற்றை இன்று எவரும் பார்வையிடத்தக்கதாக ஆக்கியுள்ளது. விலைப்படாது திரும்பிவந்த கட்டுகளே இன்று வரலாற்றுக்கு மூலாதாரமாகியுள்ளன.

இதனைக் கொண்டு அன்றைய ஏமாற்றங்கள் யாவும் நன்மைக்கே என முடிவுசெய்தல் பொருந்தாது. கைப்பணத்தையும் இளமையையும் இழந்தோருக்கு அரை நூற்றாண்டின் பின் வரும் புகழ் இழப்பீடாகாது. புதிய சஞ்சிகையொன்று நிற்கும்போது எழுதியோரின் ஆற்றற் குறைவைக் காரணங்காட்டுதல் எளிது. மேலே கண்ட சான்றுகளோ, எழுத்து இருந்தது, இதழும் இருந்தது, தவறிய மாதத்தின் பின் அதனைத் தாங்குவதற்கான ஏற்பாடு மாத்திரம் இருக்கவில்லை என்றே காட்டுகின்றன. அவ்வேற்பாடு சந்தாப் பணத்திலும் விற்பனை முயற்சியிலும் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் மனப்பாங்கிலும் உள்ளது. முதலிதழை வரவேற்கும் வழக்கம் தமிழ் வாசகரிடம் என்றும் இருந்துவந்துள்ளது. தாமதித்து வரும் ஐந்தாம் இதழைத் தேடிச் சென்று விலைகொடுத்து வாங்கும் வழக்கமும் ஏற்படின், அடுத்த தலைமுறையின் இலக்கிய வரலாற்றாசிரியர் 'நின்றுபோயிற்று' என்னும் சொல்லைச் சற்றுக் குறைவாகவே எழுத நேரும்.