பிள்ளை வளக்க எதுக்கு டிகிரி?

பிளஸ் டூ முடித்த பெண் மனையியல் எடுத்திருக்கிறாள் என்று சொன்னால், எங்கள் திண்டுக்கல் பக்கம் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "சோறாக்கவும் பிள்ளை வளக்கவும் காலேஜுக்கு வேற போகணுமாக்கும்?" நான் பொறியியல் படித்தவன். என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. நான் என்ன படிக்கிறேன் என்று புரியாதவர்கள்கூட அந்தப் படிப்பை மதித்தார்கள். மனையியல் என்றால் என்னவென்று தமக்குத் தெரியும் என எல்லோரும் நினைத்ததுதான் அந்தப் படிப்புக்கு வினையாகப் போனது.

அதன் வரலாறு அடுப்படியிலிருந்து தொடங்கவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் பெண் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். 1873இல் வேதியியலில் பட்டம் வாங்கி, பிறகு குடிநீரையும் உணவுப் பொருட்களையும் ஆய்வுசெய்தவர். 1899 முதல் லேக் பிளாசிட் என்ற ஊரில் ஆண்டுதோறும் கூடி, வீட்டு வாழ்க்கையை அறிவியலாகப் படிக்க வழிவகுத்தவர்களில் அவர் முதன்மையானவர். ஊட்டச்சத்து, குழந்தை வளர்ச்சி, குடும்பம் எல்லாம் பல்கலைக்கழகப் பாடங்களானது அதற்குப் பிறகுதான்.

இந்த அறிவியலுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1919 முதல் ஆதரவற்ற கைக்குழந்தைகளை இல்லங்களிலிருந்து வாங்கிவந்து, மாணவிகள் முறைவைத்து வளர்த்தார்கள். இந்த வாரம் ஒரு 'அம்மா', அடுத்த வாரம் இன்னொருத்தி. எடை, தூக்கம், பால் குடித்த நேரம் எல்லாவற்றுக்கும் குறிப்பு உண்டு. படிப்புக் காலம் முடிந்ததும் குழந்தை தத்துக்குப் போகும். இந்த வழக்கம் 1969 வரை நீடித்தது. இதற்கிடையே 1951இல் ஜான் பௌல்பி என்ற உளமருத்துவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். சிறு குழந்தைக்குச் சோறும் சுத்தமும் மட்டும் போதாது, விட்டுப்போகாத ஓர் உறவு வேண்டும் என்பது அதன் சாரம். நம் ஆச்சிகளுக்குத் தெரியாததா இது என்று கேட்கலாம். தெரியும்தான். ஆனால் இல்லங்களும் மருத்துவமனைகளும் தங்கள் விதிகளை மாற்றிக்கொள்ள ஆச்சி சொன்னது போதவில்லை, சான்று தேவைப்பட்டது.

இந்தியாவில் டெல்லியின் லேடி இர்வின் கல்லூரி 1932இல் வந்தது. கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957இல். அதை வளர்த்தெடுத்த ராஜம்மாள் தேவதாஸ், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர். எங்கள் மாவட்டத்துக்கு இந்தச் சிந்தனை வேறு வாசல் வழியாக வந்தது.

டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம், இளம் வயதில் கணவரை இழந்தவர். டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார். பிறகு காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மணந்தார். இருவருமாக 1947இல் சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரைக்கும் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கஸ்தூரிபா மருத்துவமனை, கிராமப் பெண்களுக்கான பயிற்சி, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான சௌபாக்யா இல்லம் என்று அது விரிந்தது. 1956இல் கிராமிய நிறுவனம் வந்து, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மனையியலும் அங்கே ஒரு துறை. கார்னெலில் படிப்பு இருந்தது, அதற்காகக் குழந்தைகளைக் கொண்டுவந்தார்கள். காந்திகிராமத்தில் குழந்தைகள் முதலில் வந்தார்கள், பாடம் பின்னால் வந்தது. என் பார்வையில் இந்த வரிசை முக்கியமானது.

இந்தப் படிப்பின் நுட்பத்தைக் காண நத்தம் தாண்டிக் கொட்டாம்பட்டி வரை போகலாம். திண்டுக்கல் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாமே மதுரை. 1980இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் சோதனையாகத் தொடங்கியது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்பார்கள். மிகவும் மெலிந்த குழந்தைக்கு உடனே கூடுதல் உணவு. மற்றவர்களில் யாருக்கு என்பதில்தான் சூட்சுமம். ஒரு வயதில் இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஏழரை கிலோ, மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று ஒன்பது கிலோ, மூன்று மாதமாக அப்படியே நிற்கிறது. பார்க்கிற யாரும் முதல் குழந்தையைத்தான் பாவம் என்பார்கள். திட்டம் இரண்டாவதைக் கவனித்தது. எடையைவிட எடைக்கோட்டின் சாய்வு முக்கியம். கோடு படுத்தால், குழந்தை மெலிவதற்கு முன்பே ஏதோ நடக்கிறது என்று பொருள்: வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தாய்ப்பாலோடு சோறு சேர்க்கத் தாமதம். சர்வர் விழுந்தபின் ஓடாமல், விழப்போகிறது என்று வரைபடம் காட்டும்போதே எழுந்துகொள்வதுதான் என் தொழிலில் கெட்டிக்காரத்தனம். கொட்டாம்பட்டியில் அதைக் காகித அட்டையும் பென்சிலும் வைத்துச் செய்தார்கள்.

செய்தவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்கள். வறுமையிலும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கும் தாய்க்கு வேலையில் முன்னுரிமை. இதைவிட நல்ல நேர்முகத் தேர்வை நான் எந்த நிறுவனத்திலும் பார்த்ததில்லை. ஆச்சியின் அறிவும் பல்கலைக்கழகத்தின் அட்டையும் அந்தப் பெண்ணின் கையில் ஒன்றுசேர்ந்தன. "பிள்ளை நல்லாத்தான இருக்கான்" என்ற தாயிடம் கோட்டைக் காட்டிப் பேச அவளால் முடிந்தது.

1975இல் தொடங்கிய மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இன்று ஊரூருக்கு அங்கன்வாடி இருக்கிறது. மனையியல், ஊட்டச்சத்து போன்றவற்றைப் படித்தவர்கள் அரசுத் தேர்வு எழுதிக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் ஆகலாம். மருத்துவமனை உணவியல், சிறப்புக் கல்வி, தத்தெடுப்பு முகமை, முன்பள்ளிப் பயிற்சி என்று வேறு வழிகளும் உண்டு. ஆனால் அங்கன்வாடி மையத்தில் எடை போடுகிற பெண்ணுக்கு மத்தியத் திட்டம் தருவதன் பெயர் இன்னும் 'மதிப்பூதியம்'. அது ஊதியமே, பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது. அதுவும் 2022 ஏப்ரலில்தான், திட்டம் தொடங்கி 46 ஆண்டுகள் கழித்து.

"இதுக்கெல்லாம் டிகிரியா?" என்று கேட்கிற குரலும், "இதுக்கெல்லாம் சம்பளமா?" என்று கேட்கிற குரலும் ஒன்றுதான். தாய் சும்மா செய்கிற வேலை, சும்மாவே செய்யக்கூடிய வேலை என்று அது நம்புகிறது. அந்த வேலைக்குள் எவ்வளவு அறிவு இருக்கிறது என்று அளந்து காட்டியது இந்தப் படிப்புதான். அளந்தவர்களுக்கு உரியதைக் கொடுக்கும் பாக்கி நம்முடையது.