அடைக்கலம் தந்த வீடுகள்: ஒரு வரலாற்று நோக்கு

எமது சங்கத்தின் முதலாவது கூட்டக் குறிப்பு 1926ஆம் ஆண்டுக்குரியது. அந்தக் கொப்பியின் முதற் பக்கங்களைப் புரட்டினால் சந்தாக் கணக்கு, தேநீர் விருந்துக்கு யார் என்ன பலகாரம் கொண்டுவருவது என்ற பட்டியல், விடுதிப் பிள்ளைகள் குளிக்கும் கிணற்றடிக்குக் கிடுகு மறைப்புக் கட்ட ஒதுக்கிய பணம் என்பனவே கண்ணிற் படுகின்றன. பெரிய இலட்சிய வசனம் எதுவும் அதில் இல்லை. மனித வியாபாரத்திலிருந்து மீண்ட பெண்கள் தங்கும் இல்லம் ஒன்றை நூற்றாண்டுப் பணியாகத் திருத்திக் கொடுப்பதென்று சங்கம் முடிவெடுத்தபோது, மூத்த அக்கா ஒருவர் கூட்டத்திலேயே எழுந்து, "இது பள்ளிக்கூடத்துப் பழைய பிள்ளைகள் செய்யிற வேலையோ?" என்று கேட்டார். அன்று அவருக்கு ஒழுங்காக மறுமொழி சொல்ல எம்மால் முடியவில்லை. இக்கட்டுரையை அந்த மறுமொழியாக அவர் ஏற்றுக்கொள்வாராக.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஆட்கடத்தல்' என்றால் வானில் வந்து ஆளைத் தூக்கிப் போவது என்றே பலரும் நினைக்கிறார்கள். வைத்தியசாலையில் நாம் காணும் பெண்களில் அப்படித் தூக்கிச் செல்லப்பட்டவர் அரிது. தானே கடவுச்சீட்டு எடுத்து, தெரிந்த ஒருவர் காட்டிய முகவரை நம்பி, வீட்டார் விமான நிலையம்வரை வந்து வழியனுப்ப, போனவர்கள்தான் அதிகம். போன இடத்தில் கடவுச்சீட்டைப் பறித்து, சம்பளம் கொடாமல், சொன்ன வேலையை விட்டு வேறு வேலைக்கு விற்றுவிடுகிறார்கள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது சுற்றுலா விசாவில் ஓமானுக்குப் போன எமது நாட்டுப் பெண்கள் அகப்பட்டதும் இந்த வகையிலேதான். ஆகவே இங்கு மனித வியாபாரம் என்ற சொல்லையே பயன்படுத்துகிறோம்.

இத்தகைய பெண்களுக்குப் பெண்களே வீடு அமைத்துக் கொடுத்த கதை எமக்கு அயலிலேயே இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் டோனாவூர் என்றொரு கிராமம். அங்கே தேவாலயம் கட்டப் பணம் அனுப்பிய புருசிய நாட்டுப் பிரபு டோனாவின் பெயரே ஊருக்கு நிலைத்துவிட்டது. கொடையாளியின் பெயரைக் கல்லில் வெட்டுவதல்ல, ஊருக்கே வைத்துவிட்டார்கள்! அவ்வூருக்கு 1901இல் வந்து சேர்ந்தவர் எமி கார்மைக்கேல். 1867இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1893இல் யப்பானுக்குச் சென்று, 1894இல் சிறிது காலம் எமது இலங்கையிலும் பணிசெய்து, 1895இல் தென்னிந்தியாவுக்குப் போனவர்.

1901 மார்ச் மாதத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்து சேர்ந்தாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதற்கென்று வைத்திருந்த பிள்ளை. அதற்கு முன்னரும் ஒருமுறை தப்பித் தாயிடம் ஓடியிருக்கிறாள். தாயே அவளைத் திரும்ப ஒப்படைத்துவிட்டாள். ஓடியதற்குத் தண்டனையாகப் பிள்ளையின் கைகளில் சூடு வைத்திருந்தார்கள். சிறுமிகளை விபசாரத்துக்கு விற்பதையும் வாங்குவதையும் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையின் 372ஆம், 373ஆம் பிரிவுகள் அப்போதே குற்றமாக்கியிருந்தன. சட்டம் ஏட்டில் இருந்தது; தப்பி வந்த பிள்ளைக்கு அன்றிரவு படுக்க இடமில்லை. அந்த இடத்தைத்தான் டோனாவூர் கொடுத்தது. 1913ஆம் ஆண்டளவில் அங்கே நூற்று முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள்.

வைத்தியர்கள் என்ற வகையில் எம் மனம் நிற்பது வேறோர் இடத்தில். ஆரம்பத்தில் வந்த கைக்குழந்தைகளைப் பராமரிக்க, மிஷன் வைத்தியசாலை இருந்த நெய்யூரில் ஒரு குழந்தையகம் வைத்தார்கள். டோனாவூரில் வைத்தியர் இல்லை. மாட்டு வண்டியிற் போக வேண்டிய தூரம். குழந்தையகத்தைப் பொறுப்பெடுத்தவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. அங்கே வயிற்றோட்டம் தொற்றிப் பல குழந்தைகள் இறந்தன. தாய்ப்பால் இல்லாத குழந்தை, கொதிக்க வைக்காத நீர், நெருக்கமான அறை: இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை எந்த மருத்துவ மாணவியும் சொல்லுவாள். மீட்டெடுத்த பிள்ளையை மீட்ட வீட்டிலேயே இழப்பதைப் போன்ற துயரம் வேறு உண்டோ? பொன்னம்மாள் குழந்தைகளோடு டோனாவூருக்குத் திரும்பினார். பின்னர் 1915இல் அவரே புற்றுநோயால் இறந்தார். அவரைப் பற்றி ஒரு நினைவு மலர் எங்கேயாவது வந்திருக்க வேண்டும் என்று எமக்கு அடிக்கடி தோன்றும்.

அதன் பின் நடந்தவை எல்லாம் கட்டட வேலைகள்தான். கிணறு, சுவர், தனித்தனிக் குழந்தையகங்கள், ஈற்றில் ஒரு வைத்தியசாலை. இவற்றுக்கான பணம் பெரும்பாலும் தனி மனிதர்களின் கையிலிருந்து தபாலில் வந்தது. பணம் தாருங்கள் என்று வெளிப்படையாகக் கேட்பதில்லை என்பது கார்மைக்கேலின் கொள்கை. ஆனால் அவர் நூல்கள் எழுதினார். 1909இல் வெளிவந்த 'லோட்டஸ் பட்ஸ்' என்ற நூலில் அந்தப் பிள்ளைகளின் அழகான புகைப்படங்கள் நிறைந்திருந்தன. படம் பார்த்தவர்களின் மனம் இளகியிருக்கும் என்பதில் ஐயமில்லை. இன்று மீட்கப்பட்ட ஒரு பிள்ளையின் முகத்தை நாம் அச்சிட்டால் அது அப்பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது தீங்கு. அக்கால வழக்கம் வேறு என்று சொல்லிக் கடந்துபோகலாம். ஆனாலும் படம் கேட்கும் கொடையாளி இன்னும் இருக்கிறார். அவரிடம் பின்னர் வருவோம்.

அந்த வீட்டை நடத்துவது இலேசாக இருக்கவில்லை. பிள்ளையைக் கடத்தினார் என்று கார்மைக்கேல் மீதே வழக்கு வந்து, 1914இல் தள்ளுபடியானது. 1931இல் அவர் களக்காட்டில் மருந்தகத்துக்கென எடுத்திருந்த வீடொன்றைப் பார்க்கப் போனார். மலசலகூடத்துக்காகப் பிழையான இடத்தில் வெட்டியிருந்த குழியில், மங்கிய மாலை வெளிச்சத்தில் விழுந்து கால் முறிந்தது. 1951 ஜனவரியில் இறக்கும்வரை அந்த இருபது ஆண்டுகளும் பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். கட்டட வேலையை மேற்பார்வை செய்யும் எமது உபகுழுவினர் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

டோனாவூர் மறைசார்ந்த வீடு. சென்னையில் உருவான வீடு வேறு வகையானது. எமது சங்கம் தொடங்கிய அதே 1926ஆம் ஆண்டின் இறுதியில் வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்று, அடுத்த ஆண்டில் அதன் உபதலைவரானார். 1886இல் புதுக்கோட்டையிற் பிறந்து, ஆண்கள் மட்டும் படித்த மகாராசா கல்லூரியிற் படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளியேறியவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆகையால் பொட்டுக்கட்டும் வழக்கம் அவருக்குப் புத்தகத்திற் படித்த விடயமல்ல. அவரைச் சட்டசபைக்கு அனுப்ப முயன்ற இந்திய மாதர் சங்கம் 1917இல் அடையாற்றில் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டொரதி ஜினராஜதாச, இலங்கையிற் பிறந்த பிரம்மஞானி சி. ஜினராஜதாசவின் மனைவி.

1929இல் தேவதாசிகளின் மானிய நிலங்களைக் கோயிற் சேவையிலிருந்து விடுவிக்கும் திருத்தம் நிறைவேறியது. 1930இல் பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமானதோ 1947இல்தான். அதே 1930இல் காந்தியடிகள் கைதானதை எதிர்த்துப் பதவியைத் துறந்தார். அக்காலத்தில் அந்த மரபைச் சேர்ந்த சில சிறுமிகள் இரவு வேளையில் அவர் வாசலில் வந்து நின்றார்கள். எந்த விடுதியும் அவர்களை ஏற்கவில்லை. பிராமணர் விடுதியும் மறுத்தது. பிராமணரல்லாதார் விடுதியும் மறுத்தது. இந்த ஒரு விடயத்தில் இரு பகுதியாருக்கும் கருத்து ஒத்துப்போயிற்று. தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டு தொடங்கியதுதான் ஔவை இல்லம். பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்றது. 1954இல் அடையாற்றில் திறக்கப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலையும் அவரது முயற்சியே. அவ்வளவு பெரிய வைத்தியசாலையை விட, இரவில் வந்த பிள்ளைகளுக்குத் திறந்த அந்த வாசற்கதவே எமக்குப் பெரிதாகப் படுகிறது.

ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். எல்லாத் தேவதாசிகளும் இந்த மீட்பை விரும்பவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். தமது கலையும் சொத்துரிமையும் போய்விடும் என்ற அவர்களது அச்சம் வீணானதல்ல. சிறுபிள்ளையை விற்பது ஒன்று. வளர்ந்த பெண்ணைக் கேட்காமலே அவளுக்கு நல்லது செய்வது இன்னொன்று. இந்த இரண்டும் அன்று ஒன்றாகக் கலந்துபோயின. இன்றும் கலக்கின்றன.

எமது நாட்டில் சட்டம் வந்த வழியைப் பார்த்தால் அது விளங்கும். 1841இன் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், 1889இன் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம், 1907இன் தடுப்பு இல்லங்கள் கட்டளைச் சட்டம் என்ற வரிசையில், இத்தகைய பெண் முதலில் பிடிக்கப்பட வேண்டியவளாகவும் பின்னர் அடைக்கப்பட வேண்டியவளாகவுமே கருதப்பட்டாள். அவளைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவளாகப் பார்க்கும் சட்டம் மிகப் பிந்தியே வந்தது. 2006இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டின் பலேர்மோ நெறிமுறையை இலங்கை 2015இல் உறுதிப்படுத்தியது. அந்நெறிமுறையின் 6ஆம் உறுப்புரை தகுந்த வீட்டு வசதி, மருத்துவம், விளங்கும் மொழியில் ஆலோசனை, தொழிற்பயிற்சி ஆகியவற்றை அளிப்பது பற்றி அரசுகள் சிந்திக்க வேண்டும் என்கிறது. சிந்திப்பதற்குச் செலவில்லை. குசினிக்கும் கூரைக்கும்தான் செலவு. அந்த இடைவெளியிற்றான் எம்மைப் போன்ற சங்கங்களின் சில்லறைப் பணம் போய் விழுகிறது.

நாம் திருத்திய இல்லத்தின் பெயரையும் ஊரையும் இங்கு எழுத முடியாது. அங்குள்ளோரைத் தேடி வரக்கூடியவர்கள் வெளியில் இருக்கிறார்கள். முதன்முறை போனபோது நாம் எழுதி வைத்திருந்த பட்டியலில் தையல் இயந்திரங்கள், தொலைக்காட்சி, சுவருக்கு இளஞ்சிவப்பு வர்ணம் என்பன இருந்தன. அங்கிருந்தவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டோம். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண், குளியலறைக் கதவுக்கு உள்ளே திறாங்கு இல்லை என்றார். போய்ப் பார்த்தோம். எல்லாக் கதவுகளுக்கும் வெளிப்புறத்தில் கொண்டி இருந்தது, உட்புறத்தில் ஒன்றுமில்லை. யாராவது உள்ளே பூட்டிக்கொண்டு தனக்குத் தீங்கு செய்துவிடலாம் என்ற பயத்தினால் கழற்றியதாகச் சொன்னார்கள். அது பொய்யான பயமல்ல. நாமும் அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவம் செய்திருக்கிறோம். அவசரத்துக்கு வெளியிலிருந்தும் ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டு வகை கடையில் இருந்தது. அதையே வாங்கிப் பூட்டினோம். அடுத்த மாதம் போனபோது, கேளாமலே ஒருவர் இரவில் நித்திரை வருகிறது என்றார்.

பின்னர் தண்ணீர்த் தாங்கி, நுளம்பு வலை, ஆளுக்கொரு பூட்டுள்ள சிறு அலுமாரி. 2022இல் எரிவாயு இல்லாமற் போனபோது விறகடுப்பும் கட்டிக் கொடுத்தோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள எமது கிளைகள் அவ்வருடம் கைகொடுத்திராவிட்டால் வேலை பாதியில் நின்றிருக்கும். பெயர்ப்பலகை வைக்கவில்லை. இதனால் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு என்பதை அறிவோம். பற்றுச்சீட்டுகள் யாவும் பொருளாளரிடம் இருக்கின்றன. கனடாவிலிருந்து ஒரு சகோதரி, பயன்பெற்ற பிள்ளைகளின் படம் ஒன்றாவது அனுப்புங்கள் என்று மூன்று முறை எழுதினார். திறாங்கின் படத்தை அனுப்பினோம். நெடுநாள் பதில் இல்லை. பின்பு தண்ணீர்த் தாங்கிக்கான மிகுதிப் பணம் அவரிடமிருந்தே வந்தது.

செய்ய முடியாமற் போனதும் உண்டு. மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் பெண்களுக்குச் சிங்களம் விளங்குவதில்லை. இரவுப் பணியிலிருப்போருக்குத் தமிழ் விளங்குவதில்லை. காய்ச்சலா, கனவு கண்டு கத்தினாளா என்பதைக்கூடக் கேட்டறிய ஆளில்லாத இரவுகள் இருந்தன. இதற்குச் சீமெந்தும் தகரமும் உதவா. இரு மொழியும் தெரிந்த எமது பழைய மாணவிகள் சிலர் தொலைபேசியில் மொழிபெயர்க்க முறை வைத்து இப்போது இரவில் விழித்திருக்கிறார்கள். கேள்வி கேட்ட அந்த அக்காவும் வெள்ளிக்கிழமை இரவைத் தாமாகவே எடுத்துக்கொண்டார். புதனுக்கும் ஞாயிறுக்கும் இன்னும் ஆளில்லை. முடிந்தவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.