வள்ளி திருமணம்: கொங்கு நாட்டு வரலாறு

முருகன் வள்ளியைக் காதலித்து மணந்த கதையைப் பாட்டும் தர்க்கமும் நகைச்சுவையுமாக நடத்திக் காட்டும் இசை நாடகம் ‘வள்ளி திருமணம்’. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வடிவமே மேடைகளில் பெரிதும் வழங்குகிறது. கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களில் இதே கதை வள்ளி கும்மியாக ஆடப்படுகிறது.

முருகனையும் வள்ளியையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் சங்கப் பாடல்களிலேயே உண்டு. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் இந்தத் திருமணத்தோடுதான் முடிகிறது. மானின் வயிற்றில் பிறந்து, வேடர் தலைவன் நம்பியிடம் வளர்ந்த பெண் தினைப்புனம் காக்கிறாள். நாரதர் மூட்டிவிட, முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், தள்ளாத கிழவனாகித் தேனும் தினைமாவும் கேட்கிறான். கடைசியில் அண்ணன் விநாயகர் யானையாக வந்து மிரட்டினால்தான் காரியம் ஆகிறது. தெய்வமே கெஞ்சிக்கொண்டு நிற்பதால் சிரிப்பு அதன் பக்கம் திரும்புகிறது.

நாடகத்தின் உயிர் வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கம். ‘ஸ்பெஷல் நாடக’ முறையில் வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி ஒரே மேடையில் சந்திப்பார்கள். பாட்டுகள் எல்லோருக்கும் மனப்பாடம், இடையில் வரும் பேச்சோ அன்றைக்குப் பிறப்பது. பபூன் வந்து கூட்டத்தைச் சிரிக்கவைத்த பிறகு, ஆர்மோனியமும் மிருதங்கமும் துணைவர, விடிய விடிய ஆட்டம் நடக்கும். பதில் சொல்லத் தெரியாத வேலன் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அந்த இரவு தோற்றவனே.

இந்த நாடகத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கொங்குப் பெயர் கே. பி. சுந்தராம்பாள். கொடுமுடியில் 1908இல் பிறந்து, சிறுமியாக ரயிலில் பாடிப் பிழைத்தவர், நாடகக் கம்பெனிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். 1926இல் இலங்கையில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் வள்ளி திருமணத்தில் நடித்தார். மேடைக் காதல் வாழ்க்கையிலும் தொடர்ந்து, மறுவருடமே இருவரும் மணந்துகொண்டார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. அதன்பின் ஆண் நடிகரோடு ஜோடி சேர்வதில்லை என்று சுந்தராம்பாள் முடிவெடுத்தார். 1935இல் வந்த படத்தில் அவரே நந்தனாராக, ஆண் வேடத்தில் தோன்றினார்.

அதே 1933இல் கோவைக்காரர் ஒருவர் வள்ளியைத் திரைக்குக் கொண்டுபோனார். ரயில்வேயில் வேலை பார்த்து, பிறகு ஊர் ஊராகப் படம் காட்டி, 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், கல்கத்தா நிறுவனத்தோடு சேர்ந்து ‘வள்ளி திருமணம்’ படத்தைத் தயாரித்தார். வள்ளியாக நடித்தவர் டி. பி. ராஜலட்சுமி. 1945இல் ஏவி. மெய்யப்பனின் ‘ஸ்ரீ வள்ளி’ டி. ஆர். மகாலிங்கத்தைப் புகழின் உச்சிக்கு ஏற்றியது.

தர்க்க நாடகம் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் நிலைத்தது. கொங்குக் கிராமங்களில் அதே கதையைக் கும்மி எடுத்துக்கொண்டது. ஆசிரியர் பாடுவார். வட்டமாக நிற்பவர்கள் திருப்பிப் பாடியபடி அடி வைப்பார்கள். வள்ளி பிறந்தது முதல் மாலை மாற்றுவது வரை எல்லாம் பாட்டிலேயே நடந்துவிடும், மேடையும் திரையும் வேண்டியதில்லை. ஒருகாலத்தில் ஆண்கள் ஆடிய இதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த எம். பத்திரப்பன். வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இப்போது மாலை வேளைகளில் பயிற்சி எடுத்து, ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கானோர் கோயில் திடலில் அரங்கேற்றம் காண்கிறார்கள்.

கூட்டமும் நேர்த்தியும் வளர்ந்த அளவுக்கு வாதம் குறைந்திருக்கிறது. ஆயிரம் கால்கள் ஒரே தாளத்தில் விழும் இடத்தில், வேலனை மடக்கும் வள்ளிக்குப் பேச நேரமில்லை. பெண்கள் ஆடத் தொடங்கியது கும்மிக்குப் பெரிய லாபம். வள்ளியின் வாய்த்துடுக்கும் வேண்டுமென்றால் தர்க்க நாடகத்தையும் ஒருமுறை விடியும்வரை உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.